துரை வம்சம்

"கடல் தொழில் செய்யிற குடும்பத்துக்கு நான் பெண் குடுக்கமாட்டன். கதை முடிஞ்சுது."

ஹென்றி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். மகள் றொஷினி விடவில்லை.

"றூபன் செய்யிறது கம்பியூட்டர் வேலையப்பா. அவன் கடலைக் கண்டே பத்து வருசம்."

"அவன்ர தேப்பன் பேசாலைக் கடலில வலை இழுத்தவன். மூண்டு டெலிபோன் கோலில விசாரிச்சு எடுத்திட்டன். நாங்கள் ஆர்? துரை வம்சம்!"

மொன்றியலில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கதையும் தெரியும். ஹென்றியின் பாட்டனுக்குப் பாட்டன் ஒரு வெள்ளைக்காரர். இங்கிலாந்தில், கோர்ன்வால் கடற்கரையில் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர். பங்களாவும் குதிரையும் உள்ள வீட்டுப் பிள்ளையாம். அந்தப் பெருமையோடுதான் ஹென்றி தெருமூலையிலிருந்த டெப்பனூர் என்கிற சில்லறைக் கடையில் பாலும் சிகரெட்டும் விற்றுக்கொண்டிருந்தார்.

"துரை எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்றாள் றொஷினி.

"அந்த ஊர் வேதக் கோயில் பதிவேட்டில இருக்கும். எழுதிக் கேட்டிருக்கிறன். பதில் வந்த அண்டைக்கு நீ அவனை மறக்கவேணும். சரியோ?"

"சரி. துரையில்லாட்டி நீங்கள் சம்மதிக்கவேணும்." பிடிவாதத்தில் அவள் தகப்பனுக்குக் குறைந்தவள் இல்லை.

இதில் ஒரு சிக்கல். ஹென்றிக்கு ஈமெயில் தெரியாது. காதல் விஷயம் வெளியே வருமுன், கம்பியூட்டர் தெரிந்த பெடியன் என்று றூபனைப் பிடித்துத்தான் கோர்ன்வாலுக்கு எழுதுவித்திருந்தார். பதிலும் அவனுக்குத்தான் வரும். அவனுக்குப் பெண் தரமாட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவனை மறித்துக் கேட்பார்.

"வந்ததோ?"

"இன்னும் வரேல்லை, அங்கிள்."

மாசி போனது. பங்குனியும் போனது.

"வரேல்லை, அங்கிள்."

சித்திரையில் ஹென்றி கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும் வெடித்துவிட்டார்.

"வந்திருக்கும்! நீதான் ஒளிச்சு வைச்சிருக்கிறாய். எங்கட குடும்பம் பெரிசெண்டு தெரிஞ்சா உன்ர பாடு முடிஞ்சுது எண்ட பயம். கடற்கரைப் புத்தி!"

றூபன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். றொஷினிக்கே அன்று சந்தேகம் வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லு. ஒளிச்சனியோ?"

அவன் பேச்சை மாற்றப் பார்த்தான். அவள் கோபத்தோடு போய்விட்டாள்.

ஹென்றி விடுகிற ஆளா? பதினைந்து வருடமாக எடுக்காத லீவை எடுத்தார்.

"இஞ்சருங்கோ, இந்த வயசில என்னத்துக்கு அலைச்சல்?" என்று மனைவி அக்னெஸ் கேட்டுப் பார்த்தாள்.

"பதிவேட்டை என்ர கண்ணால பாத்திட்டுத்தான் மற்ற வேலை!"

லண்டனில் இறங்கி, ரயிலேறி, பஸ்ஸேறி, கடைசி இரண்டு மைல் மழையில் நடந்து அந்தக் கோர்ன்வால் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

பத்தாம் நாள் வீடு திரும்பியவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"றொஷினி, றூபன் வீட்டுக்குக் கோல் எடு. ஆவணியில கலியாணத்தை வைப்பம்."

தாயும் மகளும் ஆளையாள் பார்த்தார்கள்.

"ஏன், பதிவேடு கிடைக்கேல்லையோ?" என்றாள் அக்னெஸ்.

"கிடைச்சுது. துரையின்ர தேப்பன், அவற்ற தேப்பன், அதுக்கு மேல நாலு தலைமுறை, முழுக்க மீன்பிடிகாரர். தங்கச்சியின்ர கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடத் தெரியாமல் புள்ளடி கீறியிருக்கிறார் எங்கட துரை."

றொஷினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதாலதான் சம்மதமோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை." ஹென்றி கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "அதைப் பாத்த பிறகும், பதிவேடு எரிஞ்சு போச்சு எண்டு இஞ்ச வந்து பொய் சொல்லத்தான் நினைச்சன். அப்பதான் பதிவேட்டைப் பாக்கிற கோயில் மனுசி ஒரு கடதாசியை எடுத்துத் தந்தா. எல்லா விபரத்தையும் தை மாதமே றூபனுக்கு அனுப்பியாச்சு, அவர் பதிலும் போட்டவர் எண்டு சொன்னா."

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். றூபன் ஆங்கிலத்தில் எழுதிய நாலே வரி. றொஷினி தாய்க்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள்.

"மெத்தப் பெரிய உபகாரம். இதைத் தயவுசெய்து அவற்ற வீட்டுக்குத் தபாலில அனுப்பிப் போடாதேங்கோ. தன்ர பரம்பரையைப் பற்றிச் சரியான பெருமை அவருக்கு. தெரிஞ்சா மனுசன் உடைஞ்சுபோவார். பதில் வரேல்லை எண்டே நான் சொல்லுறன். என்னை ஏசுவார், பரவாயில்லை."