பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்

பட்டறை வாசலில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பார்வை போன மெக்கானிக் அண்ணன் டூல்பாக்ஸைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து, அதன் வாயைக் கட்டைவிரலால் தடவி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறார். பத்து, பதினொன்று, பதின்மூன்று. விரல் நின்றுவிடுகிறது. எதிரே குந்தியிருக்கும் தம்பியின் பேன்ட் பையில் கிடக்கிறது பன்னிரண்டு. அவன் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுகிறான். அண்ணன் எல்லாவற்றையும் கொட்டி, மறுபடி முதலிலிருந்து தடவுகிறார். இது நான்காவது முறை. வண்டிக்குக் காத்திருக்கும் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். முந்தாநாள் கட்டிங் பிளேயர், நேற்று ஸ்க்ரூடிரைவர் இப்படித்தான் காணாமல் போயின. "பன்னெண்டையும் தொலைச்சுட்டேன்டா," என்கிறார் அண்ணன். "இனிமே நான் எதுக்கும் லாயக்கில்ல. பட்டறைச் சாவிய நீயே வச்சுக்க." "அட, எதுக்குண்ணே அதெல்லாம்?" என்று கேட்கும்போதே தம்பியின் கை நீண்டுவிடுகிறது. வாங்கிய சாவியை அவன் அதே பேன்ட் பைக்குள் போடுகிறான். ணங். முப்பது வருஷம் அண்ணன் கையில் புழங்கிய இரும்பு. அண்ணனின் முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பி அப்படியே நிற்கிறது. பிறகு குனிந்து, பன்னிரண்டுக்கு ஒரு விரல் இடம் விட்டு, பதின்மூன்றைத் தள்ளி வைக்கிறார்.