கடைமடை, சித்திரை

டம்ளரில் தண்ணீர் ஊற்றினால், ஆற்றின் எந்தப் பகுதியில், எந்த மாதம் எடுத்தது என்று விளிம்பில் எழுத்து ஓடும். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைரக்கண்ணு அதைப் படித்துவிட்டுக் கத்தினார்.

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தலைமடைத் தண்ணி, கார்த்திகை. எங்களுக்குக் கடைமடை, அதுவும் சித்திரையா? சாக்கடை நாத்தம் நாறுது!"

பெண்ணின் அப்பா கையைப் பிசைந்தார். "எங்க தண்ணி தீர்ந்துபோச்சு சம்பந்தி. வழிக்குன்னு உங்க ஊர்லேர்ந்து வேன்ல கொண்டாந்தீங்களே, அந்தக் கேனைத்தான் ஊத்தினோம்."

மணப்பெண் வெண்ணிலா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"ஏங்க, நாளையிலேர்ந்து எனக்கும் இதுதானா?"

"கார்த்திகையில நல்லாவே இருக்கும்" என்றான் அவன்.

"அப்ப கார்த்திகையில வந்து கூட்டிட்டுப் போங்க."

இலையை மூடிவிட்டு எழுந்தாள்.