எல்லாம் எங்க பொண்ணு பண்ணதுதான்

"ஸ்டிக்கரைக் கிழிச்சியா, இல்ல விலையோடயே ஷோகேஸ்ல வெச்சிருக்கியா?"

"கிழிச்சிட்டேன்மா. ஆனா பயமா இருக்கு. எப்படிப் பண்ணேன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள் அனுப்பிரியா.

"நீ வாயே திறக்க வேணாம். தலையைக் குனிஞ்சிக்கிட்டு சிரி, போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்." கோகிலவாணி மகளைப் புடவை மாற்ற விரட்டினாள்.

இன்று பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சூர்யாவுக்கு மறைமலை நகர் கார் ஃபேக்டரியில் இன்ஜினீயர் வேலை. ஒரே பையன், சொந்த வீடு. இப்படி ஒரு வரனுக்காகத்தான் கோகிலவாணி வேண்டாத சாமியில்லை. கைநழுவ விட்டால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

தரகர்தான் அந்த விஷயத்தைச் சொல்லியிருந்தார். "அவங்க ஒண்ணே ஒண்ணுதான்மா கேக்கறாங்க. வர்ற பொண்ணுக்குக் கைவேலை தெரிஞ்சிருக்கணுமாம். மணி கோக்கறது, பேப்பர்ல பூ பண்றது, துணியில எம்பிராய்டரி, இந்த மாதிரி."

கோகிலவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நகை கேட்டால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பேப்பர் பூ கேட்கிறார்களாம்! "அதுக்கென்ன? எங்க பொண்ணு நாள் பூரா அதைத்தானே பண்ணிட்டிருக்கா" என்று அந்த நிமிஷமே அளந்துவிட்டாள். அனுப்பிரியாவோ பட்டன் பிய்ந்தால் டெய்லரைத் தேடுகிறவள்.

அப்புறம் என்ன, இன்ஸ்டாகிராமில் கைவேலைப் பொருள் விற்கிற ஒரு பக்கத்தைப் பிடித்து, "மேடம், அர்ஜென்ட்" என்று மெசேஜ் போட்டாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று முடிச்சூரில் இருக்கும் அண்ணன் பெயரையும் முகவரியையும் கொடுத்திருந்தாள். பார்சல் வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். "எவளோ வேலை வெட்டி இல்லாதவ, சீரியல் பார்த்துக்கிட்டே கோத்திருப்பா."

வாசலில் கார் வந்து நின்றது. கணவர் ஜெயவேலுவுக்கு உளறு வாய் என்பதால் அவரை ஸ்வீட் வாங்க அனுப்பிவிட்டு, கோகிலவாணியே எதிர்கொண்டு அழைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பச்சையம்மா, சாயம் போன காட்டன் புடவையில் வந்திருந்தாள். அப்பா சுப்பராயலு ஏதோ ஒரு பட்டறையில் சம்மட்டி அடித்து ரிட்டயர் ஆனவராம். ஆறடி ஆள், கிடா மீசை. அவர் உட்கார்ந்ததும் சோபா முனகியது. பக்கத்தில் உட்கார்ந்த சூர்யாவுக்கு இருக்கும் களையில் கால்வாசிகூட இந்த ஆளுக்கு இல்லையே என்று கோகிலவாணி மனதுக்குள் முகம் சுளித்தாள்.

அனுப்பிரியா காபி கொடுத்துவிட்டு, சொன்னபடியே தலையைக் குனிந்து சிரித்தாள்.

"பொண்ணு கைவேலை நல்லா பண்ணும்னு தரகர் சொன்னாரு" என்று ஆரம்பித்தாள் பச்சையம்மா.

"பின்னே? அதோ பாருங்கக்கா. பேப்பரைச் சுருட்டி ஒட்டின அந்தக் குவில்லிங் பிரேம், எம்பிராய்டரி போட்ட தலையணை உறை, பாசிமணி மயில், எல்லாம் எங்க பொண்ணு பண்ணதுதான். கிளாஸுக்கெல்லாம் போகலை. யூடியூப் பார்த்து வீட்லயே கத்துக்கிட்டா."

"அந்த மயிலு பண்ண ரொம்ப நாளாச்சா கண்ணு?"

அனுப்பிரியா நிமிர்வதற்குள் கோகிலவாணி முந்திக்கொண்டாள். "ஒரே நாள்க்கா! காலையில உக்காந்தா, விளக்கு வைக்கறதுக்குள்ள முடிச்சிட்டா."

காபியை உறிஞ்சிக்கொண்டிருந்த சுப்பராயலு சட்டென்று நிறுத்தினார். சூடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்களும் இதெல்லாம் பண்ணுவீங்களாக்கா?" என்று மெல்ல ஆழம் பார்த்தாள்.

"அய்யே, நீ வேற! எனக்கு ஊசியில நூலே கோக்க வராது."

கோகிலவாணிக்கு உயிர் வந்தது. கைவேலை கைவேலை என்று ஆலாய்ப் பறந்த வீட்டில் அந்த அம்மாவுக்கே ஒரு இழவும் தெரியாது! இதற்கா இத்தனை பயந்தோம்? வாய் தானாக நீண்டது.

"இப்பல்லாம் நிறைய பேரு ஆன்லைன்ல வாங்கி வெச்சுட்டு, நானே பண்ணேன்னு பீத்திக்கறாங்கக்கா. விக்கிறதுங்க இருக்கே, அதுங்க அதுக்கு மேல. பசையை வழிய விட்டு, மணியைக் கோணலா கோத்து... அப்பப்பா! பொழப்பத்த பொம்பளைங்க."

சுப்பராயலு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்குண்ணா."

"அதில்லம்மா." ஷோகேஸைத் திறந்து மயிலை எடுத்தார். முறம் மாதிரி இருந்த உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பார்த்துண்ணா, உடைஞ்சிடப் போகுது! பொண்ணு ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் பண்ணது."

பச்சையம்மா சிரித்தாள். "அதெல்லாம் உடைக்க மாட்டாரு. வேலையில இருந்து நின்னதுலருந்து வூட்டுல உக்காந்துகினு இவரு பண்றதே இதானே! மருமவளும் கூட உக்காந்து பண்ணா நல்லாருக்கும்னு இவருக்குத்தான் ஆசை."

கோகிலவாணியின் முகத்தில் ஈயாடவில்லை. சுப்பராயலு சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிக் கவரை எடுத்து, அதிலிருந்த ஒரே ஒரு கறுப்பு மணியை அவள் கையில் வைத்தார்.

"முடிச்சூருக்கு பார்சல் கட்டற அவசரத்துல மயிலுக்கு ஒரு பக்கம் கண்ணு வைக்க மறந்துட்டேன், கூரியர்ல போடலாம்னு வந்தா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. இந்தாம்மா, உங்க பொண்ணையே கோத்து வைக்கச் சொல்லுங்க."