பழுப்புப் பல்

“வெள்ளை வேண்டாம் டாக்டர். இந்தப் பல்லைப் பழுப்பாக்கிக் கொடுங்க.”

பல் மருத்துவர் செங்கேவுக்குத் தன் காதுமேலேயே சந்தேகம் வந்தது.

எல்லையோர ஊரான ஷோப்ரோனில் தெருவுக்கு நாலு பல் மருத்துவமனை. எல்லை தாண்டி ஆஸ்திரியாக்காரர்கள் வருவதே பல்லை வெளுக்க வைத்துக்கொள்ளத்தான். மாதிரிப் பல் வரிசையை நீட்டினால் எல்லோர் விரலும் வெள்ளைக் கோடியில் போய் நிற்கும். மறு கோடியிலுள்ள பழுப்பு மாதிரிகளை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை.

வந்தவர் பெயர் லொராண்ட். உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பல்லில் சொத்தை இல்லை, விரிசல் இல்லை. ஒரு போட்டோவைக் கொடுத்து, மேல்வரிசை முன்பல் ஒன்று அதிலிருப்பது போலவே வேண்டும் என்றார். கறுத்துப் பழுப்பேறி, பக்கத்துப் பல்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும் பல்.

நிறம் பார்க்க அவரை ஜன்னலோரம் நிறுத்தினாள். பல் ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். காய்ந்தால் வெளுத்துக் காட்டும். போட்டோவை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூக்கு அதேதான். தாடையும் அதேதான். ஆனால் போட்டோவில் புருவத்துக்கு மேலே இருந்த மச்சம் இவருக்கு இல்லை.

“இது நீங்க இல்லையே?”

“எங்க அண்ணன், வில்மோஷ்.”

“அவர் எங்கே இருக்கார்?”

“போன வருஷம் தவறிட்டார்.”

செங்கேவுக்கு ஏதோ நெருடியது. ஏதோ எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அங்கே உதவியாளர் இரேன் எல்லாவற்றையும் கேட்டபடி கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“செத்தவன் பல்லை உயிரோட இருக்கிறவன் கேட்டா, பின்னால ஒரு வீடோ திராட்சைத் தோட்டமோ இருக்கும் டாக்டரம்மா. அண்ணன் வேஷம் போட முகம் ஏற்கெனவே இருக்கு. பல்லு மட்டும்தான் பாக்கி. அதையும் செஞ்சு கொடுத்து, கூடவே உங்க முத்திரையையும் குத்திக் கொடுங்க.”

முத்திரை என்றதும் செங்கே தன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எண் பொறித்த அந்த மருத்துவர் முத்திரை கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பஸ் ஓட்டும் அவள் அப்பா அதை ஒரு வெள்ளைத் தாளில் குத்திப் பார்த்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டிப்போ முழுக்கக் காட்டியிருப்பார். ஒரு மோசடிக்கு உடந்தையாகி அது பறிபோனால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

திரும்பி வந்தவள், காரணம் தெரியாமல் நல்ல பல்லில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். என் பல், என் இஷ்டம் என்றார் அவர். அப்படியானால் வேறு இடம் பாருங்கள் என்றாள்.

உள்ளறை வாசலில் வந்து நின்ற இரேன் நேராகவே கேட்டாள். “அண்ணன் பேர்ல சொத்து ஏதும் உண்டா சார்?”

“ஒரு சைக்கிள் இருக்கு. செயின் இல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவராகவே காரணத்தைச் சொன்னார்.

அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு தவறிக்கொண்டே போகிறது. சின்ன வயதில் வில்மோஷைப் பனியில் சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளிவிட்டது அவர்தான். வண்டி வேலியில் மோதியது. அடிபட்ட பல் செத்துக் கறுத்தது. அன்றிலிருந்து மகன் எதிரே வந்தால் முதலில் அந்தப் பல்லைத்தான் பார்ப்பார். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லொராண்டின் வாயைப் பார்க்கிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வில்மோஷ் ஏன் வரவில்லை, என்மேல் இன்னும் கோபமா என்று கேட்கிறார்.

“செத்துட்டான்னு ஒரு தடவை சொன்னேன் டாக்டர். துடிச்சுப் போயிட்டார். அடுத்த வாரம் மறந்துட்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரலை.”

“உங்களைப் பத்திக் கேட்க மாட்டாரா?”

“என்னைப் பத்திக் கேட்கிறதே இல்லை.” போட்டோவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். “அதனால அரைச்சுட்டுப் பீங்கான் உறையே போட்டுடுங்க. நிரந்தரமா இருக்கட்டும்.”

இரேன் உள்ளே போய், பழுப்பு நிறப் பசையைத் தேடி எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

செங்கே அரைக்கும் கருவியை ஓரமாகத் தள்ளினாள்.

“பீங்கான் வேண்டாம். இந்தப் பசையை மேலே பூசி நீல விளக்கைக் காட்டினா இறுகிடும். ஆனா காபிக் கறை ஏறும், ஓரம் உடையும். அப்பப்போ வந்து சரி பண்ணிக்கணும்.”

“உறுதியானதையே போட்டா என்ன?”

“அதுக்கு உங்க பல்லை அரைச்சுத் தள்ளணும். இதை எப்ப வேணும்னாலும் தேய்ச்சு எடுத்துடலாம். உள்ளே உங்க பல்லு அப்படியே இருக்கட்டும் சார். ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை, லொராண்ட் எங்கேன்னு கேட்டுட்டார்னா?”