ஒற்றை எஞ்சின் சத்தம்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய ஓய்வறையில் மத்தியான வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. பயணிகள் குறைந்துபோன காலம். எல்லோருக்கும் சம்பளத்தைக் குறைப்பதா, இளைய விமானிகளை வேலையிலிருந்து நிறுத்துவதா என்று கம்பனி விமானிகளையே கேட்டிருக்கிறது. "ஆளைக் குறைக்கிறதுதான் சரி," என்கிறார் தலைமை விமானி சூசைதாசன். "குறையிற ஆள் நான்தானே, அண்ணை," என்கிறான் துணை விமானி சோமசேகரம். அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் வட்டமிடும் சத்தம் கேட்கிறது. இந்நேரத்தில் எந்த விமானமும் வருவதாக இல்லை. சோமசேகரம் யன்னலால் பார்க்கிறான். வானம் வெறுமையாக இருக்கிறது. ஆனாலும் மேசையில் தேநீர்க் கோப்பைகள் அதிர்கின்றன. "ஒரு எஞ்சின் நிண்டிட்டுது," என்கிறார் சூசைதாசன், முகம் வெளுத்து. சற்றைக்கெல்லாம் மற்ற எஞ்சினின் சத்தமும் நின்றுபோகிறது. "ஒண்டு நிண்டால் மற்றதும் தாங்காது. ஒருத்தரையும் நிப்பாட்ட வேண்டாம். சம்பளம் குறையட்டும்," என்கிறார் மெதுவாக. கண்ணுக்குத் தெரியாத அந்த விமானத்தின் சக்கரங்கள் தரையைத் தொடும் சத்தத்துக்காக இருவரும் மூச்சைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.