இருபதுக்கு இருபது

எரிகிற வீட்டின் முன்னால் நின்று பரீட்சை எழுதி, இருபதுக்கு இருபது வாங்கிய ஒரே மனிதன் இந்தப் பூமியில் நான்தான். அதுவும் அறுபத்தெட்டு வயதில்! தீ மூன்று பனைமர உயரம். பொசுங்கிய என் மீசை, தேர்வு முடிவதற்குள் மறுபடி முளைத்துவிட்டது.

அன்று பகல் பன்னிரண்டோடு என் தன்னார்வத் தீயணைப்பு உரிமம் காலாவதி. பன்னிரண்டு ஐந்துக்குக் கோமு டீச்சர் வீட்டில் தீ. தீயணைப்புப் பாடத்தை எங்களுக்கெல்லாம் நடத்தியவரே அவர்தான். தீயணைப்புக் குழாயின் ரேகைப் பூட்டில் பெருவிரலை வைத்தேன். தண்ணீர் வரவில்லை. "புதுப்பித்தல் தேர்வு. கேள்வி ஒன்று" என்றது குழாய். மாடி ஜன்னலில் டீச்சர் நின்றார்.

டீக்கடையில் இதை எல்லாரும் நம்பினார்கள். சான்றிதழ் அதிகாரி எட்டியப்பன் மட்டும் சிரித்தார்.

"என்னவே புளுகுதீரு? உள்ள ஆளு இருந்தா குழாய் தானா தொறந்துரும். விதிய எழுதுனவனே நாந்தான்."

"குழாய்ல பதிவு இருக்கும்லா? போட்டுக் கேளும்."

மறுநாள் வந்தவர் டீயைத் தொடவில்லை.

"மீசை மட்டுந்தான் பொய்யிவே. மத்ததெல்லாம் நடந்திருக்கு. பதினேழு கேள்விக்கு ஜன்னல்ல இருந்து பதில் சொன்னது டீச்சர். அதுக்கப்புறம் அவங்க சத்தமே இல்ல. மிச்சம் மூணையும் நீரேதான் சொல்லியிருக்கீரு."