பேரு மாறுற வை-ஃபை

நேத்து காலைலேர்ந்து பதினேழு கம்ப்ளைன்ட். எல்லாம் ஒரே வீட்லேர்ந்து. "ஸ்பீடு இல்ல, உடனே ஆள் அனுப்பு."

நெட்காரன் பல்லைக் கடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தான். ஆன்லைன்ல தையல் கிளாஸ் எடுக்கிற தையல்காரம்மா வீடு. தனியா இருக்காங்க.

நெட்டு வர்ற ஃபைபர் ஒயரு எங்கயாவது மடங்கியிருக்கான்னு பீரோவுக்குப் பின்னால வரைக்கும் தலையை விட்டுப் பாத்தான். ஒட்டடைதான் மிச்சம். டெஸ்ட் போட்டான். முந்நூறு எம்பி பிளான்ல முந்நூத்திப் பத்து வருது.

"அக்கா, இந்த ஸ்பீடுக்கு நீங்க ஊசி கோக்க வேணாம், ராக்கெட்டே விடலாம். இதுக்கா பதினேழு கம்ப்ளைன்ட்?"

அவங்க சிரிக்கல. "வேற ரூட்டர் இருக்கா தம்பி? இதைவிடப் பெருசா?"

"நாலு கொம்பு இருக்கு, ஆறு கொம்பு இருக்கு. ஆறு கொம்பு வாங்கினா புல்லுக்கட்டும் சேத்து வாங்கிப் போடணும்."

"எது செவுத்தைத் தாண்டி இழுக்கும்?"

நெட்காரன் நிமிந்தான். வீடு முழுக்க எட்டுமான்னு கேக்காத ஆளே கெடையாது. செவுத்தைத் தாண்டணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.

"எதுக்குக்கா?"

அவங்க போனை நீட்டினாங்க. வை-ஃபை லிஸ்ட். மேல அவங்க வீட்டுப் பேரு. அதுக்குக் கீழ இன்னொண்ணு.

'பின்கதவு தொறந்திருக்கு.'

நெட்காரன் எட்டிப் பாத்தான். பின்கதவு நெசமாவே ஆன்னு தொறந்து கெடந்துது. கையில இருந்த ரோமமெல்லாம் எந்திரிச்சு வணக்கம் வச்சுது.

"யாருக்கா இது?"

"பேரு மாறிக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷமா. மொத தடவை 'இஸ்திரிப்பொட்டிய அணை'ன்னு இருந்துச்சு. ஓடிப் பாத்தா தச்சு வச்ச சட்டைலேர்ந்து பொக. அப்புறம் ஒரு நாள் 'மழை வருது, துணிய எடு'. போன மாசம் எனக்கு விடாம இருமல். 'மருந்து குடிச்சியா'ன்னு வந்துச்சு."

"வீட்டுக்காரர்...?"

"அவர் போய் மூணு வருஷமாச்சு."

செவுத்துல மாட்டியிருந்த போட்டோவைப் பாக்கக் கூடாதுன்னு நெட்காரன் நெனச்சான். பாத்துத் தொலச்சான். போட்டோவுல இருந்தவர் ஏற்கெனவே இவனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

தொழிலு தொழிலுதானே. தன் போன்ல அந்தப் பேருக்கு சிக்னல் மீட்டரைத் தொறந்து வீட்டுக்குள்ள நடந்தான். வாசல்கிட்ட பாதி சிக்னல். தையல் மெஷின்கிட்ட முக்கால். உள் ரூம்புல பீரோ பக்கத்துச் செவுத்துல ஒட்டி நின்னான். முழுசு.

காதை வச்சுக் கேட்டான். ஒரு பாத்திரம் உருளல. ஒரு தும்மல் இல்ல. ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு, அதுவும் இந்தப் பக்கத்து ஃபேன்.

"அந்தப் பக்கம் யாருக்கா இருக்கா?"

"யாரும் இல்ல." நூலைப் பல்லால கடிச்சுத் துப்புற மாதிரி வந்துது பதில்.

யாரும் இல்லாத எடத்துலேர்ந்து முழு சிக்னல்! நெட்காரன் செவுத்தை விட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டான்.

"அக்கா, தெரிஞ்ச தொழிலை வச்சுச் சொல்றேன். வை-ஃபை பேரை ஒரு தடவை மாத்தினா அந்த வீட்டு போன், டிவி எல்லாம் கட்டாயிடும். ஒவ்வொண்ணுலயா போய் மறுபடி பாஸ்வேர்டு போட்டு இழுக்கணும். உசுரோட இருக்கிற எவனும் தெனம் அந்தப் பாடு பட மாட்டான். இது... வேற கேஸு. பேசாம லேப்டாப்புக்கு ஒயர் போட்டுத் தரேன், போன்ல வை-ஃபையையே அணைச்சிடுங்க. லிஸ்டும் தெரியாது, பேயும் தெரியாது."

"அணைக்காத!"

அவங்க போட்ட சத்தத்துல நெட்காரன் டூல் பையைக் கீழ விட்டான்.

அவங்க போய் பின்கதவைச் சாத்தினாங்க. போனைப் பாத்தாங்க. கதவைத் தொறந்தாங்க. போனைப் பாத்தாங்க. மறுபடி சாத்தினாங்க. போனை விட்டுக் கண்ணை எடுக்கல.

'பின்கதவு தொறந்திருக்கு.'

ஷூவை மாட்டிக்கிட்டு ஓடுறதா, கையில எடுத்துக்கிட்டு ஓடுறதா? நெட்காரனுக்கு அது ஒண்ணுதான் யோசனை.

"எப்பவும் நான் கதவைச் சாத்தினா பத்து நிமிஷத்துல பேரு மாறிடும்." அவங்க குரல் கம்மிப் போயிருந்துச்சு. "நேத்து காலைலேர்ந்து மாறல. எத்தனை தடவை சாத்தித் தொறந்தேன்னு கணக்கே இல்ல. இன்னைக்கு வேணும்னே இஸ்திரிப்பொட்டிய வச்சு ஒரு நல்ல துணியைக் கருக்கினேன். அதுக்கும் மாறல."

"மாறலன்னா விட்டுது சனியன்னு இருங்கக்கா. பேய் வேற வீடு பாத்துப் போயிருக்கும்."

"வாயைக் கழுவு!"

அவங்க அந்தச் செவுத்துல உள்ளங்கையை வச்சுக்கிட்டாங்க.

"எங்க அப்பாவோட வீட்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல எழுப்பின செவுரு இது. பேச்சு நின்னு ஏழு வருஷம். நம்பரைக்கூட பிளாக் பண்ணி வச்சிருக்கேன். யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

நெட்காரன் கீழ கெடந்த டூல் பையை எடுத்துத் தோள்ல மாட்டினான்.

"நான் போய்த் தட்டி, அவ நல்லா இருந்து, 'வந்துட்டியா'ன்னு ஒரு பார்வை பாத்துட்டா தாங்க மாட்டேன். ஸ்பீடெல்லாம் கெடக்கட்டும் தம்பி. நெட்டு பாக்க வந்தேன்னு சொல்லி, என் தங்கச்சி வீட்டுக் கதவை நீ தட்டு. தொறக்கலேன்னா... ஒடைச்சிடு."